மஞ்சள் கயிற்றில் ஒரு சிலுவை

(பழவேற்காட்டில் திருச்சிலுவை மகிமை விழா மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று செப்டம்பர் 14. எருசலேமில் நம் ஆண்டவரின் கல்லறை இருந்த இடத்தில் கான்ஸ்டன்டைன் பேரரசர் கட்டிய கோயிலை 335ஆம் ஆண்டு இதே மாதத்தில்தான் அர்ச்சித்தார்கள். அந்த நினைவில் பிறந்த விழா இது. பேரரசரின் தாய் ஹெலெனா அம்மையார் சிலுவை மரத்தைத் தேடிக் கண்டெடுத்ததாக வழங்கிவரும் வரலாற்றைக் காலைப் பூசையில் சாமியார் விரிவாகச் சொன்னார். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் பேச எடுத்துக்கொண்ட சிலுவை மிகச் சிறியது. நீங்கள் குனிந்தால் உங்கள் நெஞ்சிலேயே தெரியும். கறுப்புக் கயிற்றில், வெள்ளிச் சங்கிலியில், தாலிக்கொடியில், செபமாலை நுனியில் நாம் போட்டிருக்கிற சிலுவை. அதை எதற்காகப் போட்டிருக்கிறோம்? போட்டிருப்பதால் நாம் யாருக்கு எதைச் செய்யக் கடமைப்பட்டவர்கள் ஆகிறோம்? இதைத்தான் உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

ஆரம்ப நாளிலேயே கிறிஸ்தவர்கள் கழுத்தில் சிலுவை போட்டுக்கொண்டு திரிந்தார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஏறக்குறைய 200ஆம் ஆண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் கிளமெந்து என்ற ஆசிரியர் இருந்தார். கிறிஸ்தவர்கள் முத்திரை மோதிரத்தில் என்னென்ன உருவங்களைப் பொறிக்கலாம் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். புறா, மீன், காற்றில் ஓடும் கப்பல், யாழ், நங்கூரம். மீன்பிடிக்கிற ஒருவனின் உருவத்தைப் பொறித்தால் திருத்தூதரை நினைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். நம் தொழிலைப் பாருங்கள், மீனும் கப்பலும் நங்கூரமும் அந்த வரிசையில் வந்துவிட்டன. சிலுவை வரவில்லை. அதே காலத்தில் கார்த்தேஜ் நகரில் இருந்த தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் வீட்டுக்குள் வரும்போதும் வெளியே போகும்போதும், செருப்பு மாட்டும்போதும், சாப்பிட உட்காரும்போதும், விளக்கேற்றும்போதும் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வதைக் குறிப்பிடுகிறார். ஆக, உலோகத்தில் வருவதற்கு முன்பே சிலுவை விரலில் இருந்திருக்கிறது. அன்றைய தாய்மார் பிள்ளையின் நெற்றியில் போட்ட சிலுவைக்குப் பொன்னும் தேவைப்படவில்லை, வெள்ளியும் தேவைப்படவில்லை.

ஏன் அதைச் செய்து மாட்டிக்கொள்ளவில்லை? காரணம் எளிது. சிலுவை அவர்கள் கண்ணெதிரே இருந்த கொலைக் கருவி. ரோமை அரசு அதை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்தது. கிறிஸ்து பிறப்பதற்கு 73 ஆண்டுகளுக்கு முன் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் எழுந்தார்கள். அந்த எழுச்சியை அடக்கியபின், பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவா நகரிலிருந்து ரோமாபுரி வரை சாலையோரமாகச் சிலுவைகளில் அறைந்து நிறுத்தினார்கள். போகிற வருகிற ஒவ்வோர் அடிமையும் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது நோக்கம். சிலுவைச் சாவு வலி மட்டும் இல்லை, அவமானமும்கூட. ஆடையை உரிந்து, ஊர் பார்க்க, கேட்க நாதியில்லாதவன் என்று காட்டிச் சாகடிப்பது. நம் ஆண்டவர் அந்த இடத்துக்குப் போனார். யாருக்கு அந்தத் தண்டனை எழுதி வைக்கப்பட்டிருந்ததோ, அவர்களுடைய வரிசையில் போய் நின்றார். கழுத்தில் சிலுவை போடுகிறவர் இதை மறந்துவிட்டால், அவர் போட்டிருப்பது வெறும் டாலர்.

கழுத்துச் சிலுவையைப் பற்றிய பழைய செய்திகளில் என் மனதை விட்டு அகலாத ஒன்று இருக்கிறது. இன்றைய துருக்கி நாட்டில், கருங்கடலை ஒட்டிய பொந்துப் பகுதியில், மக்ரீனா என்ற அம்மையார் துறவுப் பெண்களின் குழு ஒன்றை நடத்திவந்தார். பெரிய பசிலியாரும் நீசா நகரத்துக் கிரகோரியாரும் அவருடைய தம்பிமார். இருவரும் திருச்சபை கொண்டாடும் பெரிய ஆயர்கள். அக்காள் 379ஆம் ஆண்டு இறந்துபோனபோது கிரகோரியார் பக்கத்தில் இருந்தார். பிறகு அக்காளின் வாழ்க்கையை அவரே எழுதினார். அடக்கத்துக்காக உடலை ஆயத்தம் செய்தபோது, வெத்தியானா என்ற பெண் மக்ரீனாவின் கழுத்தில் கைவைத்து ஒரு மெல்லிய கயிற்றை எடுத்துக் காட்டுகிறாள். அதில் ஓர் இரும்புச் சிலுவை. கூடவே ஓர் இரும்பு மோதிரம், அதனுள்ளே ஆண்டவரின் சிலுவை மரத்தின் சிறு துண்டு. இரண்டும் எந்நேரமும் அவர் நெஞ்சின்மேல் கிடந்தவை. பெரிய குடும்பத்துப் பெண் மக்ரீனா. நினைத்திருந்தால் பொன்னில் செய்து போட்டிருக்கலாம். இரும்பில் போட்டிருந்தார், அதையும் உடைக்குள்ளே போட்டிருந்தார்.

கிரகோரியார் அந்த இரண்டையும் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். மோதிரத்தைத் தான் வைத்துக்கொண்டார். சிலுவையை வெத்தியானாவிடம் கொடுத்தார். யார் இந்த வெத்தியானா? செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்து, மணமாகி, இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். ஒரு கைம்பெண். தூய மக்ரீனாவின் கழுத்துச் சிலுவை ஒரு கைம்பெண்ணின் கைக்குப் போனது, கொடுத்தவர் ஓர் ஆயர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் கடைசியில் இது எனக்குத் தேவைப்படும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பழவேற்காட்டுக்குச் சிலுவை எப்படி வந்தது? போர்ச்சுகீசியர் கப்பல்களின் பாய்களில் வரைந்த சிவப்புச் சிலுவையாக வந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் இங்கே கால் ஊன்றினார்கள். நம் மகிமை மாதா கோயிலின் தொடக்கத்தை 1515 என்று சொல்லி வருகிறோம். 500 ஆண்டுக்கு மேற்பட்ட விசுவாசம். அதில் பெருமைப்பட நமக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மை. அந்தக் கப்பல்களில் சிலுவையும் இருந்தது, பீரங்கியும் இருந்தது. அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்குமான அவர்களது தலைமையிடம் 1690 வரை இதே பழவேற்காடுதான். அந்தக் கோட்டையில் வெடிமருந்து செய்தார்கள். இங்கிருந்து துணி போனது. துணியோடு மனிதர்களும் போனார்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் வயிற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள், பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் என ஆயிரக்கணக்கான பேரை இந்தத் துறைமுகத்திலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றி, இன்று ஜகார்த்தா என்று நாம் சொல்லும் பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் ஞாயிறுதோறும் வேதம் வாசித்தவர்கள். அவர்கள் கையில் வேதம் இருந்தது. வேதத்தில் சிலுவை சுமந்த மனிதர் கப்பலின் அடித்தட்டில் விலங்கோடு கிடந்தார்.

டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் படம் எடுக்கிறார்கள். உள்ளே குடும்பச் சின்னங்களோடு அழகான கல்வெட்டுகள். அந்தக் கப்பல்களில் போனவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை. அவர்களில் நம் ஏரிக்கரைக்காரர்களும் இருந்திருப்பார்கள் என்றுதான் என் மனம் சொல்கிறது. இந்த ஊரில் கழுத்தில் சிலுவை போடுகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். ரோமாபுரிச் சாலையில் அறையப்பட்ட அடிமைகளின் அடையாளத்தை வேதத்தில் ஏந்தி வந்தவர்களே அடிமை வாணிபம் செய்தார்கள். சிலுவையை ஏந்தியவர்கள் சிலுவைக்கு எதிராக நடந்துகொள்ள முடியும் என்பதற்கு வெளியூர் உதாரணம் நமக்கு வேண்டாம்.

ஆனாலும் அவர்கள் போய்விட்டார்கள், சிலுவை நம்மிடம் தங்கிவிட்டது. எப்படித் தங்கியது? கோயில் கோபுரத்தின் உயரத்தால் தங்கவில்லை. நம் பெண்களின் கழுத்தில் தங்கியது என்று நான் சொல்வேன். முகத்துவாரம் மண்மூடிப்போய், ஏரிக்குள் கடல்தண்ணீர் வராமல், இறாலும் மடவையும் அருகிப்போகும் மாதங்கள் உங்களுக்குத் தெரியும். அதோடு ஜூன் மாதம் வந்துவிட்டால் பள்ளிக்கூடச் செலவு. வீட்டில் இருக்கிற ஒரே சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். அப்படிப் போகிற ஓர் அக்காளை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். கடைக்குப் போகுமுன் திண்ணையில் உட்கார்ந்து, சங்கிலியின் வளையத்தைப் பல்லால் நெம்பி, சிலுவையைத் தனியே கழற்றினாள். அரைக் கிராமுக்கும் குறைவான பொன். அதன் நுனி தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. மஞ்சள் தடவிய நூலை எடுத்து அதில் கோத்து, கழுத்தில் கட்டிக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். சிலுவையையும் சேர்த்து வைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் பணம் கிடைத்திருக்கும். சங்கிலி போகலாம், அது போகக்கூடாது. இந்தக் கணக்கை அவளுக்கு எந்த மறைக்கல்வி வகுப்பும் சொல்லிக்கொடுக்கவில்லை. மக்ரீனாவின் இரும்புச் சிலுவைக்கும் இந்த அக்காளின் மஞ்சள் கயிற்றுச் சிலுவைக்கும் இடையில் 1,600 ஆண்டுகள். இரண்டும் ஒன்றே.

கடலோடிகளுக்குச் சிலுவை கையில் கிடைத்த மரத்திலிருந்தே வந்திருக்கிறது என்பதற்குத் தெற்கே மணப்பாடு சாட்சி. புயலில் சிக்கிய போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று 1540 வாக்கில் அங்கே கரை சேர்ந்ததாகவும், உடைந்துபோன பாய்மரத்திலிருந்தே சிலுவை செய்து கடலோரக் குன்றின்மேல் நட்டதாகவும் மணப்பாட்டு மக்கள் சொல்கிறார்கள். சவேரியார் 1542இல் அந்தக் கரைக்கு வந்தபோது அங்கே தங்கினார். இன்று அங்கே பெருவிழா. உடைந்த பாய்மரம் என்றால் என்ன என்று கடலுக்குப் போகிறவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடு திரும்புவோமா என்ற கேள்வி அது. அந்த மரத்தைத்தான் சிலுவையாக்கினார்கள்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் சிலுவையைத் தாயத்துபோலப் போட்டிருக்கிறோம். சாமியாரிடம் மந்திரித்து வாங்கிப் பிள்ளை கழுத்தில் கட்டிவிட்டால் காத்து கருப்பு அண்டாது, படகு கவிழாது என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருக்கும் தாயின் பயத்தை நான் மதிக்கிறேன். விடியலுக்கு முன் இருட்டில் பைபர் படகைத் தள்ளிவிட்டு நிற்கிறவள் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் செய்வாள். ஆனால் 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை நினைவிருக்கிறதா? கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்குப் போயிருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் கடலோடு போனார்கள். அவர்களில் எத்தனை பேர் கழுத்தில் செபமாலையும் சிலுவையும் இருந்திருக்கும்! 2017 நவம்பர் கடைசியில் ஓக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தின் கத்தோலிக்க மீனவ ஊர்களைச் சூறையாடியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று அடுத்தடுத்த ஊர்கள். சிலுவை போட்டவர்கள் போனார்கள். அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

ஆண்டவர் சிலுவையிலிருந்து இறங்கி வரவில்லை. அப்படியிருக்க அவருடைய சிலுவை நம்மை எல்லாச் சாவிலிருந்தும் இறக்கிவிடும் என்று எப்படிச் சொல்வது? சாகிற நேரத்தில் அவர் நம்மோடு இருக்கிறார் என்று அது சொல்கிறது. ஓக்கியின்போது கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்திருந்தவன் தாயத்தைப் பிடித்திருக்கவில்லை. தன்னைப்போலவே கைவிடப்பட்டதாக உணர்ந்த ஒருவரின் கையைப் பிடித்திருந்தான். பிள்ளைக்குச் சிலுவை கட்டும்போது இதைச் சொல்லிக் கட்டுங்கள். கூடவே உயிர்காப்பு அங்கியையும் மாட்டி அனுப்புங்கள்.

சிலுவையை மதக்கொடியாகப் பார்ப்பவர்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு பெண் மருத்துவர். பட்டியல் வகுப்பைச் சேர்ந்த இந்து. கிறிஸ்தவர் ஒருவரை மணந்தவர். அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்குவதை அதிகாரிகள் பார்த்துவிட்டு, அவர் மதம் மாறிவிட்டார் என்று முடிவுகட்டிச் சாதிச் சான்றிதழை ரத்து செய்தார்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கணவரோடும் பிள்ளைகளோடும் கோயிலுக்குப் போவதாலேயே ஒருவர் தன் மதத்தை விட்டுவிட்டார் என்று ஆகாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் தலித் ஒருவர் தன்னைக் கிறிஸ்தவர் என்று வெளிப்படையாக அறிவித்தால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர் பட்டியல் வகுப்பு உரிமையை இழக்கிறார். அந்த நிலை இன்னும் மாறவில்லை. நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிற ஒன்றுக்கு வேறொருவர் படிப்பையும் வேலையையும் விலையாகக் கொடுக்கிறார். அவர் சிலுவையைச் சட்டைக்குள் மறைத்துப் போட்டால் அவரைக் கோழை என்று சொல்ல நான் ஒப்பமாட்டேன்.

கும்மிடிப்பூண்டி, ஸ்ரீசிட்டி பக்கம் கம்பெனிகளுக்குப் போகிற நம் பெண்பிள்ளைகள் வாசலில் சங்கிலியைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று வருத்தப்படுவதைக் கேட்கிறேன். இப்படிப்பட்ட வழக்கு ஐரோப்பாவரை போயிருக்கிறது. இங்கிலாந்தில் விமான நிறுவன ஊழியரான நாதியா எவைதா, செவிலியரான ஷெர்லி சாப்ளின் என்ற இரண்டு பெண்கள். இருவரும் வேலையிடத்தில் சிலுவை போடத் தடை வந்ததால் வழக்குத் தொடுத்தார்கள். 2013 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் விமான ஊழியருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. நிறுவனத்தின் தோற்றப்பொலிவு என்ற காரணம் ஒருவருடைய விசுவாசத்தைவிடப் பெரிதாகாது. செவிலியருடைய வழக்கில், நோயாளிகளின் பாதுகாப்புக்காக மருத்துவமனை வைத்த விதி சரிதான் என்றது. இரண்டும் நியாயமான தீர்ப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. எந்திரத்தின் முன்னாலோ நோயாளியின் பக்கத்திலோ நிற்கும்போது கழற்றி வைப்பதால் ஆண்டவரை விட்டதாக ஆகாது. பிறர் உயிரைக் காக்கக் கழற்றுகிற கையும் சிலுவைக்குக் கீழ்ப்படிந்த கைதான்.

அதேபோல, பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போய்விட்ட நம் சொந்தபந்தங்கள் நகை எதுவும் போடுவதில்லை, சிலுவையும் போடுவதில்லை. இதனால் வீடுகளில் மனஸ்தாபம். போடாதவரைப் பார்த்து, ஆண்டவரை மறுதலித்துவிட்டாய் என்று சொல்லாதீர்கள். முதல் நூற்றாண்டுகளின் வேதசாட்சிகள் பலர் ஒரு சிலுவையும் போடாமலேயே சிங்கத்தின் முன் நின்றார்கள். நம் ஏரியில் யார் எங்கே வலை விரிப்பது என்று பாடு குறிக்கும்போது கோட்டைக்குப்பமும் ஆண்டிக்குப்பமும் நடுவூர் மாதா குப்பமும் ஒரே முறைக்குள் நிற்கின்றன. கழுத்தில் என்ன கிடக்கிறது என்று பார்த்துத் தண்ணீரைப் பங்கு போட்டதில்லை. அந்த நியாயம் நமக்குப் பழகியதுதான்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். தாலியில் இருக்கும் சிலுவை.

மதுரைக்கு 1606இல் வந்த ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று நாம் அழைப்பவர், தமிழ்த் துறவிபோல வாழ்ந்தார், பூணூல் அணிந்தார். ஐந்து இழை, மூன்று பொன்னிறம், இரண்டு வெள்ளி. அதில் ஒரு சிலுவையைத் தொங்கவிட்டார். பெரிய வாக்குவாதம் எழுந்து, 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் தீர்ப்புச் சொல்லும்வரை போனது. பாப்பரசர் அனுமதித்தார். அடுத்து, 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதரான தூர்னோன் ஓர் ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியக்கூடாது. அதற்குப் பதில் சிலுவையோ, ஆண்டவர் உருவமோ, மாதா உருவமோ பொறித்த தாலியை அணியலாம். மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிறும் கூடாது என்றார். தூதரின் ஆணையில் பாதி நிலைத்தது, பாதி நிலைக்கவில்லை. தாலியில் சிலுவை வந்தது, புறா வந்தது. மஞ்சள் கயிற்றை மட்டும் நம் அம்மாக்கள் விட்டுவிடவில்லை. அதே ஆணையில் இன்னொன்றும் இருந்தது. மாதவிலக்கு நாட்களைக் காரணம் காட்டிப் பெண்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரவிடாமல் தடுக்கக்கூடாது என்றது. பெண்ணைத் தாழ்த்தும் ஒரு வழக்கத்தைத் தவறு என்று சொல்ல 320 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்திருக்கிறது. நமக்கு இன்று முடியாதா?

நம் கடலோர ஊர்கள் பலவற்றில் கணவன் இறந்துவிட்டால் மனைவியின் தாலியைக் கழற்றுகிறார்கள். சில இடத்தில் பெட்டியை மூடுமுன் கழற்றுகிறார்கள், சில இடத்தில் வேறொரு நாளில். அவளே கழற்றுவதில்லை, வயதான பெண்கள் பிடித்துக் கழற்றுகிறார்கள். பூ போகிறது, வளையல் போகிறது, பொட்டு போகிறது. கூடவே சிலுவையும் போகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் எந்தச் சட்டத்திலும் எந்தத் திருவழிபாட்டு நூலிலும் இப்படி ஒரு சடங்கு இல்லை. அடக்கச் சடங்கில் சாமியார் தீர்த்தம் தெளிக்கிறார், தூபம் காட்டுகிறார், உயிர்ப்பின் நம்பிக்கையைச் சொல்கிறார். கைம்பெண்ணின் கழுத்தை வெறுமையாக்கச் சொல்லி அங்கே ஒரு சொல் கிடையாது.

கடலில் காணாமற்போனவனின் மனைவிக்கு இது இன்னும் கொடுமை. உடல் கிடைக்கவில்லை. ஒருவர் காணாமற்போய் 7 ஆண்டுகள் தகவல் இல்லாதிருந்தால்தான் சட்டம் அவரை இறந்தவராகக் கருதும். ஓக்கியில் காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்காக அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி 20 லட்ச ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அரசு தளர்த்தியது. ஊர் தளர்த்தியதா? பணம் வாங்கிவிட்டாயே, இன்னும் எதற்குத் தாலி என்று கேட்ட வாய்கள் உண்டு. கழற்றினால் அவன் செத்தான் என்று அவளே சொன்னதாகும். கழற்றாவிட்டால் ஊர் பேசும். அந்தப் பெண்ணின் கழுத்தில் கிடந்தது சிலுவை என்பதை அந்த நேரத்தில் யாருமே நினைக்கவில்லை.

தாலி திருமணத்தின் அடையாளம், திருமணம் சாவோடு முடிகிறது, எனவே கழற்றுவதில் தவறு என்ன என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவளே விரும்பிக் கழற்றினால் அது அவள் உரிமை. ஆனால் சிலுவை கணவன் கொடுத்ததா? அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, திருமுழுக்குச் சடங்கின் தொடக்கத்தில், குருவானவரும் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் அவள் நெற்றியில் சிலுவை போட்டார்கள். அப்போதே அது அவளுடையது. திருமணத்தன்று அது தாலியில் ஏறியது. கணவனோடு வராத ஒன்று கணவனோடு போகவும் முடியாது.

அதுமட்டுமில்லை. சிலுவையைப் போட்டுக்கொள்ள இந்த ஊரில் எல்லாரையும்விட அதிக உரிமை உள்ளவள் யார்? மகன் சிலுவையில் தொங்கியபோது அடியில் நின்ற மாதா, திருச்சபையின் மரபுப்படி கைம்பெண். எல்லாம் பறிபோன பெண்ணிடமிருந்து, எல்லாம் பறிக்கப்பட்டவரின் அடையாளத்தையும் பறிப்பது எந்த வகையில் கிறிஸ்தவம்? ரோமைப் படைவீரர்கள் ஆண்டவரின் ஆடையை உரிந்தார்கள். அந்த வேலையை மாதா பெயரைச் சுமக்கும் குப்பத்தில் நாம் செய்யலாமா? நீசாவின் கிரகோரியார் அக்காளின் சிலுவையை எடுத்துக் கைம்பெண்ணிடம் கொடுத்தார் என்று சொன்னேனே. அவர் கொடுத்தார். நாம் எடுக்கிறோம்.

ஆகையால் உங்களிடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஊர்ப் பெரியவர்களே, தலைக்கட்டு ஆண்களின் பெயரில் இருக்கிறது, ஊர்க் கூட்டத்தில் பேசுகிறவர்களும் ஆண்கள். எனவே இதை நீங்கள்தான் முதலில் எடுக்க வேண்டும். கைம்பெண்ணின் தாலியை வேறு யாரும் கழற்றக்கூடாது என்று கூட்டத்தில் முடிவெடுங்கள். பங்குத்தந்தையே, அடக்கப் பூசை முடிந்ததும் ஒரு சிலுவையை மந்திரித்து அந்தப் பெண்ணின் கையில் நீங்களே கொடுங்கள். ஊர் பார்க்கக் கொடுங்கள். வெள்ளியாக இருக்க வேண்டியதில்லை, மரத்தில் போதும், இரும்பிலும் போதும்.

மூன்றாவது, வயதான தாய்மார்களுக்கு. உங்களுக்கு நடந்ததைத்தான் நீங்கள் அடுத்தவளுக்குச் செய்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். உங்களில் பலருடைய கழுத்து இன்று வெறுமையாக இருப்பதையும் பார்க்கிறேன். இன்று விழா நாள். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, கழற்றி வைத்த அந்தச் சிலுவையை எடுத்து, ஒரு கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் திருச்சபை அதைத் தடுக்கவில்லை என்று சொல்லுங்கள். இனி இந்த ஊரில் ஒரு சாவு விழுந்தால், அந்த வீட்டுப் பெண்ணின் தோளைப் பிடியுங்கள், தண்ணீர் கொடுங்கள், அவளோடு அழுங்கள். அவள் கழுத்துக்கு மட்டும் கையைக் கொண்டுபோகாதீர்கள்.